பால்பல் பந்தயம்

நாட்டாமை எங்கள் குட்டியின் வாயைப் பிளந்து, கட்டைவிரலை உள்ளே விட்டு, முன்பல்லை ஆட்டிப் பார்த்தார்.

பார்த்தார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். பார்ப்பதற்குக் கண் போதும். அவர் ஆட்டினார்.

பங்குனிப் பொங்கல் அன்று காலை அது. ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் ஊர் எம். புதுப்பட்டிப் பக்கம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. நான் இன்னும் அங்கேதான் குழாயடியில் நிற்க வேண்டும். ஊருணிக் கரை முழுக்க வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. மிதித்த இடமெல்லாம் கசப்பு வாசம்.

பந்தயத்துக்கு வந்த குதிரைக் குட்டிகள் மாலையோடு வரிசையாக நின்றன. எல்லாமே பெட்டைக் குட்டிகள். நிலபுலம் உள்ள வடக்குத் தெரு சம்சாரிகளின் குட்டிகள், அவர்களுடைய சொந்தக்காரர்கள் காரியாபட்டியிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த குட்டிகள், கடைசியில் எங்கள் மயிலு. கீழத்தெருவிலிருந்து அந்தப் பந்தயத்துக்குப் போன முதல் குட்டி அவள்தான்.

"என்னலே கருப்பசாமி, பல்லு ஆடுதே?" என்று நாட்டாமை என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"நீங்க ஆட்டுதீக, அது ஆடுதுங்கய்யா."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வடக்குத் தெரு ஆட்களும் சிரித்தார்கள். நாட்டாமைக்கு முகம் சுருங்கிப் போனது. இன்னும் அழுத்தி ஆட்டினார். மயிலு என்ன நினைத்தாளோ, வாயை மூடிக்கொண்டாள். அவர் "ஆத்தாடி!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். பெரிய காயம் இல்லை. விரலில் அச்சு மட்டும் பதிந்திருந்தது.

"கடிக்கிற குதிரை. தள்ளி வைங்கடா இதை."

அப்போது ஒருவர் முன்னால் வந்தார். வேலுச்சாமி. நாட்டாமையின் அக்கா மகன், காரியாபட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். அவருடைய வெள்ளைக் குட்டிதான் செயிக்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

"மாமா, வாய்க்குள்ள வெரலை விட்டா எதுதான் கடிக்காது? அது பால்பல்லுதான். எங்குட்டிக்கும் அப்படித்தான் இருக்கு. விடுங்க, வெயில் ஏறுது."

அப்படித்தான் எங்கள் மயிலு பந்தயத்துக்குள் போனாள். எதிராளியின் தயவில்.

ஆறாத கோபம்

போன வாரம் இதே பக்கத்தில், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஆபீஸ் என்போம். இந்த வாரம் எங்கள் வீட்டு நல்ல காரியம் ஏதாவது எழுதலாம் என்றுதான் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். பேனா இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு பந்தயம் இருந்தது. இன்று அது இல்லை. அது எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாமி விஷயம் ஆகையால் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

தளும்பாத பானை

எங்கள் ஊர் அம்மனுக்குப் பங்குனிப் பொங்கலன்று தோட்டத்துக் கிணற்றிலிருந்து மஞ்சள் தண்ணீர் வரும். பெரிய பித்தளைப் பானை. உள்ளே மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் கரைத்திருக்கும். அந்தத் தண்ணீர் தெருத் தெருவாகப் போகும். வீட்டுக்கு ஒரு சொம்பு வாங்கி வாசலில் தெளித்து, பிள்ளைகள் தலையில் விட்டால், கோடை அம்மை அண்டாது. இது எங்கள் நம்பிக்கை.

முன்னொரு கோடையில் ஊரே அம்மையில் படுத்துவிட்டதாம். மாடு பூட்ட ஆள் இல்லை. யாரோ ஒரு தாய், எழுந்து நிற்கக்கூட முடியாதவள், கையில் அகப்பட்ட ஒரு குதிரைக் குட்டியை வண்டியில் பூட்டி, பானையை ஏற்றி, "போ தாயி" என்று விட்டுவிட்டாள். பால்பல்கூட விழாத பெட்டைக் குட்டி. ஓட்டுவதற்கு ஆள் இல்லை, அடிப்பதற்குக் கம்பு இல்லை. அது தானாகவே நடந்து கோயில் வாசலில் வந்து நின்றது. பானையில் ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை.

நடந்ததா என்று என்னைக் கேட்டால், நடந்தது என்றுதான் சொல்வேன்.

அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பந்தயம். ஆத்தா பானையை இழுக்க எந்தக் குட்டிக்கு யோகம் என்று பார்ப்பதற்கான ஓட்டம். அதனால்தான் பெட்டைக் குட்டி மட்டும். அதுவும் பால்பல் விழாத குட்டி. பல் விழுந்துவிட்டால் அதோடு சரி. சாட்டை கிடையாது, கம்பு கிடையாது. வாய்ச் சத்தமும் கடிவாளமும் மட்டும்.

இன்னொன்றும் உண்டு. நாலுகால் பாய்ச்சல் போகக் கூடாது. பாய்ந்தால் பானை தளும்பும். குட்டி இடப்பக்கத்துக் கால் இரண்டையும் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும், பிறகு வலப்பக்கத்துக் கால் இரண்டையும். அப்படி ஓடினால் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், முதுகு மட்டும் அலுங்காது. எங்கள் பக்கம் இதைத் தொட்டில் நடை என்பார்கள். நடை என்றதும் மெதுவாக என்று நினைத்துவிட வேண்டாம். பழகிய குட்டி தொட்டில் நடையில் போனால் சைக்கிள்காரன் பின்தங்குவான்.

செயித்த குட்டிதான் அன்று பானை வண்டியை இழுக்கும். அது எந்தத் தெருக் குட்டியோ அந்தத் தெருவுக்கு முதல் தண்ணீர்.

இதுதான் வழக்கம். இந்தக் கடைசி வரியை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்த்தவர்களும் ஓட்டியவர்களும்

குதிரை யாரிடம் இருந்தது? வடக்குத் தெருவில்தான். எங்கள் ஆட்கள் அவர்கள் காட்டில் களை எடுத்தவர்கள், பருத்தி எடுத்தவர்கள். குட்டிகளைத் தேய்த்துக் குளிப்பாட்டியது எங்கள் மாமனார். கொள்ளு அவித்தது எங்கள் மாமியார். பந்தயத்தன்று வண்டியில் ஏறி உட்கார்ந்தது அவர்கள்.

ஆகவே வருஷா வருஷம் முதல் தண்ணீர் வடக்குத் தெருவுக்கே போனது. எங்கள் தெருவுக்கு வரும்போது பானையின் அடி தெரியும். தூசியும் இலைச்சக்கையுமாகக் கொஞ்சம் கிடக்கும். அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கலக்கித் தருவார்கள். நாங்களும் சேலைத் தலைப்பில் வடிகட்டி வாங்கிக்கொள்வோம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டேன், "என்னக்கா, இம்புட்டுத்தானா?" என்று. "இதாவது வருதே" என்றார்கள்.

மழை பொய்த்த வருஷங்களில் பந்தயம் நடக்காமலும் இருந்ததாம். பிறகு இரும்புப் பட்டை போட்ட சக்கரத்துப் பந்தய வண்டி போய், சைக்கிள் சக்கரம் வைத்த லேசு வண்டி வந்தது. குட்டியோடு கூடவே ஓடி நடையைப் பார்த்த ஆள் போய், மொபெட்டில் பின்னால் வருகிற ஆள் வந்தார். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் பரிசுக்கு அண்டா தந்தார்கள், வழியெல்லாம் துணி விளம்பரம் கட்டினார்கள்.

எங்கள் தெருவும் மாறியது. காட்டு வேலையை விட்டு எல்லோரும் பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போனோம். சாயங்காலம் வேன் வந்து நின்றால், வெள்ளி பூசியது போல் கையும் முகமுமாக இறங்குவோம். அந்தப் பட்டாசு மருந்து எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். கையெடுத்துக் கும்பிடும்போதெல்லாம் எனக்கு அது தெரியும். ஆத்தா அதற்காக என்னை ஒருநாளும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை.

மயிலு

என் வீட்டுக்காரர் மட்டும் ஆபீசுக்குப் போகவில்லை. ஒற்றைக் குதிரை வண்டி வைத்து, குச்சி மூட்டையும் காகிதக் கட்டும் ஏற்றினார். விஸ்வநத்தம் வரைக்கும் லோடு போகும். அந்தக் கிழட்டுக் குதிரை ஈன்றதுதான் மயிலு.

பிறந்த இடம் எங்கள் வீட்டுப் பின்னாலிருந்த தகரக் கொட்டகை. அதற்கு அப்பால் பொட்டல். பொட்டல் கடைசியில் ஒரு பட்டாசு ஆபீஸ்காரர்கள் சரக்கு வெடித்துப் பார்க்கிற இடம். சீசன் நெருங்கினால் காலையும் சாயங்காலமும் படபடவென்று கேட்கும். முதலில் கொஞ்ச நாள் குட்டி தாயின் வயிற்றுக்கடியில் ஒளிந்தது. பிறகு காதை மட்டும் திருப்பியது. பிறகு அதுவும் இல்லை. வெடி வெடிக்க வெடிக்க வைக்கோலை இழுத்துத் தின்னும்.

நடை பழக்கியது என் வீட்டுக்காரர். ஒரே பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் நூல்கயிற்றால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, கண்மாய்க் கரையில் நடத்துவார். கயிறு உராயாமல் இருக்க என் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தேன். கொஞ்ச மாதத்தில் கயிறு இல்லாமலே குட்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு போனது.

"இதைப் பந்தயத்துல விட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏ புள்ள, சும்மா கெட."

"சட்டம் ஏதும் இருக்கா, கீழத்தெருக் குட்டி ஓடக் கூடாதுன்னு?"

"சட்டம் இல்ல. அதான் பயமா இருக்கு. சட்டம் இருந்தா வீட்டுலயே இருந்துக்கலாம்."

ஆனாலும் அவர் பெயர் கொடுத்தார். காரணம் உண்டு. அந்தப் பங்குனியில் எங்கள் தெருவில் மூன்று வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பக்கத்து வீட்டு ராசாத்தியின் மகளுக்கு உடம்பு முழுக்க முத்து. அந்த வீடுகளுக்கு ஒரு தடவையாவது கலங்காத தண்ணீர், முதல் தண்ணீர், வாசலுக்கு வர வேண்டும் என்று எனக்கு வெறி மாதிரி இருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடவும் வழியில்லை. அதற்குள் மயிலுக்குப் பல் விழுந்துவிடும்.

புளியமரத் திருப்பம்

கண்மாய்க் கரையில் நாங்கள் பெண்கள் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் ஓட்டம் முழுக்கத் தெரியும். ஊருணியில் கிளம்பி, கண்மாயைச் சுற்றி, புளியமரத்தில் திரும்பி, கோயில் வாசலில் முடியும்.

கண்மாய் தாண்டுவதற்குள் பாதிக் குட்டிகள் நடை மாறிப் பாய்ந்துவிட்டன. மொபெட்காரர் சிவப்புக் கொடியைக் காட்டி நிறுத்தினார். கடைசியில் மிஞ்சியது இரண்டு. முன்னால் வேலுச்சாமியின் வெள்ளைக் குட்டி. பின்னால் ஒட்டிக்கொண்டே எங்கள் மயிலு. இரண்டும் ஆடி ஆடிப் போனது கண்கொள்ளாக் காட்சி. நான் ஆத்தா ஆத்தா என்று கத்திக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிப் போனது.

புளியமரத்தடியில் நாட்டாமையின் ஆட்கள் நின்றிருந்தார்கள். கையில் நீளமான சரவெடி. மயிலு அதன் அருகே வந்தாள். பற்றவைத்தார்கள்.

பிறகு கேட்டதற்கு, "வரவேற்பு வெடி" என்றார்கள். குதிரையின் காலடியில் யாராவது வரவேற்பு வெடி போடுவார்களா?

சரம் படபடவென்று வெடித்தது. புகை மூடியது. எனக்கு உயிரே போய்விட்டது. வண்டி கவிழ்ந்திருக்கும், என் வீட்டுக்காரர் அடியில் கிடப்பார் என்று நினைத்தேன்.

புகைக்குள்ளிருந்து மயிலு வந்தாள். அதே ஆட்டம், அதே நடை. காது மட்டும் ஒரு தடவை திரும்பியது.

பாய்ந்தது வெள்ளைக் குட்டி. அது காரியாபட்டித் தோட்டத்தில் கிளிச் சத்தமும் பம்புசெட்டுச் சத்தமும் கேட்டு வளர்ந்த பிள்ளை. வெடியை அது எங்கே கண்டது? நாலுகால் பாய்ச்சலில் பாதையை விட்டு இறங்கி, வெள்ளரிக் காட்டுக்குள் போய்விட்டது. வேலுச்சாமி குதித்துத் தப்பினார்.

பட்டாசு ஊரில் இருந்துகொண்டு, பட்டாசுக்காரி வீட்டுக் குதிரையை வெடி போட்டு மிரட்ட நினைத்தார்கள் பாருங்கள்! எங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாங்கள் எங்கே வேலை பார்க்கிறோம், எங்கள் வீட்டுப் பின்னால் என்ன கேட்கிறது என்று ஒருநாளாவது வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கரையில் நின்ற எங்கள் பெண்கள் குலவை போட்ட சத்தம் சிவகாசி வரைக்கும் கேட்டிருக்கும்.

வழக்கம் என்றால் என்ன

நாங்கள் ஓடிக் கோயில் வாசலுக்குப் போவதற்குள் அங்கே பேச்சு தொடங்கிவிட்டது.

"கீழத்தெருக் குட்டி பாய்ச்சல் போச்சு" என்றார் நாட்டாமை.

மொபெட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, "போகலைங்கய்யா" என்றார். "நான் பின்னாலயே வந்தேன்."

நாட்டாமை கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்த முகமாக என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார்.

"சரிலே, செயிச்சுட்ட. அண்டாவைத் தூக்கிட்டுப் போ. குட்டியைப் பானை வண்டியில பூட்டு. தண்ணி வழக்கப்படி வடக்குத் தெருவுக்குப் போகட்டும்."

"வழக்கப்படின்னா செயிச்ச தெருவுக்குத்தானுங்கய்யா."

"வழக்கம்னா என்னலே? வருசா வருசம் நடக்கிறது. வருசா வருசம் எங்க போகுது? வடக்குத் தெருவுக்குத்தான?"

கூடியிருந்தவர்களில் பலர் தலையை ஆட்டினார்கள். ஓட விடாமல் வைத்திருந்து நீங்களே செயிப்பீர்களாம். நீங்களே செயித்ததால் அது வழக்கம் ஆகிவிடுமாம். பிறகு நாங்கள் செயித்தாலும் வழக்கம் உங்கள் பக்கமாம். இதை எந்தச் சாமி ஒப்புக்கொள்ளும்?

பூசாரியைப் பார்த்தேன். அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமான தட்டை.

என் வீட்டுக்காரர் மயிலைப் பானை வண்டியில் பூட்டினார். பூட்டிவிட்டு விலகி நின்றார்.

"ஆத்தா பானையைத் தடுத்தா பாவம். அதனால குட்டியைப் பூட்டுதேன். ஆனா நான் ஓட்ட மாட்டேன். அண்டாவும் வேண்டாம்."

"ஓட்ட ஆளா இல்ல?" என்று நாட்டாமையின் ஆள் ஒருவன் ஏறி உட்கார்ந்தான். எங்கிருந்தோ ஒரு சாட்டையை எடுத்துக்கொண்டான்.

கீழத்தெருவில் வண்டி

தெருவெல்லாம் சுற்றி வண்டி எங்கள் தெருவுக்கு வரும்போது உச்சி வெயில். வாசல்தோறும் சொம்போடு நிற்கும் பெண்கள் அன்று நிற்கவில்லை. யாரும் பேசி வைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது.

ஆனால் நான் சொம்பை எடுத்துக்கொண்டுதான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன். ஆத்தா தண்ணீர் வாசலுக்கு வருகிறது. வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். தெருவில் மூன்று பிள்ளைகள் அம்மையில் கிடக்கிறார்கள். கோபம் பெரிதா, பிள்ளைகள் பெரிதா?

பக்கத்து வீட்டு ராசாத்தியிடம் கேட்கலாம் என்று சன்னல் வழியாகக் குரல் கொடுத்தேன். அம்மை போட்ட வீட்டுக்காரி, வெளியே வரக் கூடாது.

"ராசாத்தி, தண்ணி வந்துருக்கு. உம்மவளுக்கு ஒரு சொம்பு வாங்கித் தரவா?"

உள்ளேயிருந்து பதில் உடனே வந்தது.

"வேண்டாம் மதினி. அடிமண்டித் தண்ணியை எம்புள்ள தலையில விட மாட்டேன். ஆத்தா எம்புள்ள மேல முத்தா எறங்கி வீட்டுக்குள்ளதான் இருக்கா. வெளிய வாரது வெறும் பானை."

சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அப்போதுதான் மயிலைப் பார்த்தேன். பின்தொடையில் குறுக்காக ஒரு வரி. தோல் தடித்து, நடுவில் ரத்தம் பொட்டாகக் கசிந்து உலர்ந்திருந்தது. ஈ மொய்த்தது. எந்தப் பந்தயத்தில் சாட்டையையே எடுக்கக் கூடாதோ அந்தப் பந்தயத்தில் செயித்த குட்டியை, ஆத்தா பானையை இழுக்கும்போதே அடித்திருக்கிறார்கள்.

நேராகப் போய் வாரை அவிழ்த்தேன். கடிவாளத்தைக் கழற்றினேன். வண்டியின் ஏர்க்காலைத் தரையில் இறக்கி வைத்தேன். பானை கொஞ்சம் சாய்ந்தது, விழவில்லை.

"ஏ பொம்பள, என்ன பண்ணுத?" என்று சாட்டைக்காரன் கத்தினான்.

"எங்க குட்டியை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பானையை யாரு இழுக்க?"

"எனக்கென்ன தெரியும்?"

பின்னால் குடையோடு வந்த நாட்டாமை, "ஏலே, நம்ம வீட்டுக் குட்டியைப் பிடிச்சுட்டு வாங்கடா" என்றார்.

அதுவரைக்கும் அடக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அய்யா, செயிச்ச குட்டிதான் பானையை இழுக்கணும். அது வழக்கம். வேற குட்டியைப் பூட்டுனா வழக்கம் கெட்டுரும்லங்கய்யா?"

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எல்லா வாசலிலும் எங்கள் பெண்கள். சொம்பு இல்லாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு கிழவி, "அய்யாமாரே இழுங்க, கை வலிக்காம இழுங்க" என்றாள். சிரிப்புச் சத்தம் தெரு முழுக்க ஓடியது.

வடக்குத் தெரு ஆட்கள் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏர்க்காலைப் பிடித்தார்கள். காட்டு வேலைக்கு ஆள் வைத்துப் பழகியவர்கள். வண்டி கோணிக் கோணிப் போனது. பானை தளும்பித் தளும்பி வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போனது.

மயிலின் காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசினேன். அவள் நின்றுகொண்டே தூங்கினாள். என் வீட்டுக்காரர் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நீ அவுப்பன்னு நான் நெனைக்கல" என்றார். "நானும்தான்" என்றேன்.

ராசாத்தி மகளுக்கு முத்து இறங்கிய பிறகு, எங்கள் வீட்டு மஞ்சளையும் வேப்பிலையையும் கரைத்துத் தலைக்கு ஊற்றினோம். பிள்ளை எழுந்து கஞ்சி கேட்டாள். மற்ற இரண்டு பிள்ளைகளும் எழுந்தார்கள். ஆத்தா எங்கள் மேல் கோபப்படவில்லை.

இரக்கம்

மறு வருஷப் பொங்கலுக்கு நாட்டாமை மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"இந்த வருசத்துல இருந்து குட்டிப் பந்தயம் கெடையாது. இளங்குட்டிக, வாயில்லாச் சீவனுக. அதுகளை வெயில்ல ஓடவிட்டு வதைக்கிறது பாவம்னு கமிட்டி முடிவெடுத்திருக்கு. அதுக்குப் பதிலா பெரிய குதிரைப் பந்தயம் நடக்கும். தண்ணி வடக்குத் தெருவுல இருந்து கெளம்பும்."

கைதட்டினார்கள். எவ்வளவு இரக்கம் என்று பக்கத்தில் ஒரு வெளியூர்க்காரர் மெச்சிக்கொண்டார். காலங்காலமாக வராத இரக்கம். கீழத்தெருக் குட்டி செயித்த மறு வருஷம் வந்த இரக்கம். மயிலின் தொடையில் காயம் ஆறியிருந்தது. ஆனால் அந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை.

நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு புள்ள."

"அய்யா, நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டுங்க" என்றேன். "எங்க குட்டிக்குப் பல்லு விழுந்துருச்சு. இனிமே அது ஓடாது. போன வருசம் செயிச்சது யாருன்னு மைக்குல ஒரே ஒரு தடவை சொல்லிட்டு நிப்பாட்டுங்க."

"யாரும்மா அது? பொம்பளைக எல்லாம் உக்காருங்க."

"சொல்லுங்கய்யா" என்று மேடையடிக்கே போய்விட்டேன்.

மைக் கொர்ரென்று இரைந்து அணைந்தது. அவரே அணைத்தார், பார்த்தேன். பிள்ளைகள் ஊதிய பீப்பி மட்டும் கேட்டது.

ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் நின்றிருந்த வேலுச்சாமி மேடையைப் பார்த்துச் சொன்னார்.

"செயிச்சது கீழத்தெரு மயிலு, மாமா. தோத்தது நான். தோத்தவன் நானே சொல்லுதேன்."

நாட்டாமை அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேளக்காரர்களுக்குக் கையைக் காட்டினார். மேளம் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வேலுச்சாமி எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு வந்து நான் பார்க்கவில்லை.

அவர் மைக் இல்லாமல்தான் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது. பின்னால் இருந்த எங்கள் தெரு ஆட்களுக்குக் கேட்கவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன்.